கதவைத் திறந்தவள்

கதவைத் தட்டினால் உடனே திறக்கக் கூடாது. கெல்டன் ஊரின் மேட்டுத்தெருவில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடும். தட்டுகிறவன் கடன் வசூலிக்க வந்தவனாக இருக்கலாம், டிவி வைத்திருக்க லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறவனாக இருக்கலாம், ஊர் நிர்வாகம் பார்க்கிற கவுன்சில் ஆளாகவும் இருக்கலாம். சோபாவுக்குப் பின்னால் குந்தி, வாயைப் பொத்திக்கொண்டு, காலடிச் சத்தம் போகும்வரை இருக்க வேண்டும். அப்படி இருக்கத் தெரிந்தவர்களை ஒருத்தனும் ஒன்றும் செய்துவிட முடியாது.

ஜனீன் திறந்துவிட்டாள்.

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது கோலெட்டின் முகம். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. கணக்கு வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கால்வாய்ப் பாலத்தடியில் ஒற்றை சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்தவர்கள். அந்தக் கோலெட்தான் இப்போது எந்தப் பிள்ளை பள்ளிக்கு வருகிறது, எது வரவில்லை என்று பார்க்கிற கவுன்சில் அதிகாரி. கழுத்தில் படம் போட்ட அட்டை தொங்கியது. மழையில் நின்றவளை வாசலில் வைத்தா பேசுவது? உள்ளே வந்தவளுக்கு டீ கொடுக்காமல் அனுப்பினால் அந்தத் தெருவில் அதைவிட அசிங்கம் வேறில்லை. ஜனீன் கெட்டிலைப் போட்டாள்.

"உன் பொண்ணு பெத்தனி ஸ்கூல் பக்கமே வர்றதில்லையாமே?" என்றாள் கோலெட், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

"எனக்குத் தெரியாதா என்ன? செப்டம்பர்லேர்ந்தே தெரியும்டி. ஆறு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எழுப்புறேன். கெஞ்சுறேன். கத்துறேன். போன வாரம் ஒரு நாள் லீவு போட்டுட்டு, ராத்திரி டிரஸ்ஸோடயே டாக்ஸியில இழுத்துப் போட்டு ஸ்கூல் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். நான் பஸ் ஏறல, அதுக்குள்ள அவ வேலி தாண்டிட்டா. என்னைவிட ஒரு தலை உசரம் அவ. தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா போக முடியும்?"

"புரியுது, கண்ணு. புரியுது."

கோலெட் இரண்டாவது கோப்பையும் குடித்துவிட்டுத்தான் போனாள். மூன்று வாரம் கழித்து சம்மன் வந்தது.

இதில் குற்றம் இரண்டு வகை. பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்றாலே பெற்றவள் குற்றவாளிதான், அது சின்னக் குற்றம். அபராதத்தோடு போய்விடும், போலீஸ் பதிவில் ஏறாது. பிள்ளை போகவில்லை என்று தெரிந்தும் அனுப்பாமல் இருந்தால் அது பெரிய குற்றம். அதற்கு ஜெயிலும் உண்டு, பதிவும் உண்டு. ஜனீன் மேல் வந்தது பெரியது. தெரியும் என்று அவளே சொன்னாளே, டீயை ஊற்றிக்கொண்டே.

பெத்தனியின் அப்பன் வெய்ன் இரண்டு தெரு கீழே வேறொருத்தியோடு இருக்கிறான். சட்டத்துக்கு அவனும் பெற்றவன்தான். கோலெட் அவன் வீட்டுக்கும் போய்த் தட்டினாள். வெய்ன் சோபாவுக்குப் பின்னால் குந்தியிருந்தான். அதை பப்பில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினான், குதிகாலில் உட்கார்ந்து, கையில் பீர் டம்ளர் தளும்பாமல். அவனுக்கு சம்மன் வரவில்லை.

ஜனீனுக்கு ஜெயில் பயம் அவ்வளவாக இல்லை. இவளைப் போன்றவர்களை உள்ளே போடுவது அபூர்வம் என்று தெருவில் சொன்னார்கள். அவள் பயந்தது வேலைக்கு. முதியோர் இல்லத்தில் பதினொரு வருஷம் வேலை பார்க்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் துடைத்து, புரட்டி, ஊட்டி விடுகிற வேலை. அங்கே இருக்கிறவர்களுடைய போலீஸ் பதிவை மறுபடி சரிபார்க்கும் முறை வசந்த காலத்தில் வருகிறது. மேனேஜர் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டாள்: "பதிவுல ஏதாச்சும் இருந்தா என்னால உன்னை வச்சுக்க முடியாது, ஜனீன். நான் அழுவேன், ஆனா அனுப்பிடுவேன்."

பெத்தனி ஏன் போகவில்லை என்பதும் ஜனீனுக்குத் தெரியும். பள்ளிக் கழிவறையில் நாலைந்து பெண்கள் அவளைச் சுவரோடு நிறுத்திப் புளித்த பாலைத் தலையில் ஊற்றினார்கள். "உங்கம்மா கிழவன் பீயைத் துடைச்சிட்டு வந்து அதே கையாலதானே உனக்குச் சோறு போடுறா, அந்த நாத்தம் போகத்தான் குளிப்பாட்டுறோம்" என்றார்கள். செல்போனில் படமும் எடுத்தார்கள். ஜனீன் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டாள். துணைத் தலைமையாசிரியர் கைகளைக் கோத்துக்கொண்டு, கழிவறையில் கேமரா கிடையாது, எந்த விஷயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு, விசாரிக்கிறோம் என்றார். விசாரித்தார்கள். பாலுக்கு இரண்டு பக்கம் இருப்பதாகவே முடிவாயிற்று.

கோர்ட் நாளன்று காலையில் ஜனீன் இல்லத்துக்குப் போட்டுப் போகும் கறுப்பு பேண்டையே இஸ்திரி போட்டாள். வேறு நல்ல பேண்ட் இல்லை. மாடியில் பெத்தனி போர்வைக்குள் இருந்தாள்.

"எழுந்திரு. இன்னிக்காவது போ. இன்னிக்கும் வரலன்னு அங்க சொன்னாங்கன்னா என் கதை முடிஞ்சுது."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நானும் கோர்ட்டுக்கு வர்றேன், அம்மா. நான் சொல்றேன் அவங்ககிட்ட."

"எதைச் சொல்லுவ? உன் வாயால நான் பட்டது போதாதா? உன்னால என் வேலை போகப்போகுது, தெரியுமா? உன்னைப் பெத்ததுக்கு ஒரு நாயை வளத்திருக்கலாம்டி. கயித்தைக் காட்டினா வாலாட்டிக்கிட்டு வெளியவாவது வந்திருக்கும்."

போர்வை அசையவில்லை. ஜனீன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

கெல்டனில் ஒரு கோர்ட் இருந்தது, நடந்து போகிற தூரத்தில். அரசாங்கம் அதை விற்றுவிட்டது. இப்போது அது பப். கூண்டு இருந்த இடத்தில் சீட்டு விளையாட மேசை போட்டிருக்கிறார்கள், வெய்ன் அங்கேதான் குடிக்கிறான். ஆகவே ஜனீன் இரண்டு பஸ் மாறி அடுத்த ஊருக்குப் போனாள். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கோர்ட்டில் சொல்லப்போவதை ஒரு வாரமாகப் பழகியிருந்தாள். இல்லத்தில் பேச்சு நின்றுபோன ஒரு பெரியவருக்கு முதுகு துடைக்கும்போது அவரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். டாக்ஸியை, வேலியை, கெஞ்சியதை, பள்ளியில் போட்ட சண்டையை, எல்லாம் வரிசையாக. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர் எதற்கும் அப்படித்தான் ஆட்டுவார். இருந்தாலும் அவளுக்குத் தெம்பாக இருந்தது. ஒரு தாயால் முடிந்ததை எல்லாம் செய்திருக்கிறேன், கேட்டால் புரியாமலா போகும்?

கோர்ட்டின் தாழ்வாரத்தில் பத்து மணிக்கே பெஞ்சு நிறைந்திருந்தது. எல்லோரும் அம்மாக்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ட்ரிஷ் என்கிறவளுக்கு இது மூன்றாவது முறையாம். மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு பெஞ்சைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒரு ஆம்பளையாவது இருக்கானா பாரு. இந்தப் புள்ளைங்களையெல்லாம் நாமளே தனியா உக்காந்து பெத்துக்கிட்டோம் போல."

ஜனீனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் முறை.

அப்போது கோலெட் வந்தாள். கூடவே கவுன்சிலின் வக்கீல், மீசை சரியாக முளைக்காத பையன். இருவரும் அவளைச் சுவரோரமாக அழைத்துக்கொண்டு போனார்கள்.

"உனக்காக நான் பேசியிருக்கேன்டி" என்றாள் கோலெட். "பெரிசை எடுத்துடறோம்னு சொல்றாங்க. சின்னதை ஒத்துக்கிட்டாப் போதும்."

"ஒரே ஒரு விஷயம்" என்றான் வக்கீல். "மக போகலங்கறது உங்களுக்குத் தெரியாது. வேலைக்குப் போயிடுறீங்க, கவனிக்கல. அவ்வளவுதான். அப்படிச் சொன்னீங்கன்னா பதிவுல ஏறாது."

"தெரியாதா? எனக்கு எல்லாம் தெரியுமே! அவளை டாக்ஸியில..."

"மேடம், நீங்க இப்ப சொன்னது என் காதுல விழல."

ஜனீன் கோலெட்டைப் பார்த்தாள். "உன்கிட்ட சொன்னேனே. என் கிச்சன்ல உக்காந்து என் பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டு நீதானே கேட்ட."

"கேட்டேன். அதனாலதான் நான் இன்னிக்குக் கூண்டுல ஏறிச் சாட்சி சொல்லாம இருக்கணும்னு பாக்கறேன். நான் ஏறினா நீ சொன்னதை அப்படியே சொல்லணும். என் வேலை அது." கோலெட் குரலைத் தாழ்த்தினாள். "கெட்ட அம்மாவா இருந்துட்டுப் போடி. ஒரு பத்து நிமிஷம். வேலையாவது மிஞ்சும். நல்ல அம்மான்னு நிரூபிச்சா பேரு, வேலை ரெண்டும் போயிடும்."

ட்ரிஷ் பெஞ்சிலிருந்தே கத்தினாள். "ஒத்துக்க! நான் போன தடவை ஒத்துக்கிட்டேன். அவங்களுக்கு அதுதான் புடிக்கும். நாம மோசமா இருந்தாத்தான் அவங்களுக்கு மனசு இளகும்."

ஜனீன் ஒத்துக்கொண்டாள்.

மேடையில் மூன்று மாஜிஸ்திரேட்டுகள். சம்பளம் வாங்காமல் நீதி வழங்க வருகிறவர்கள். நடுவில் இருந்தது மிஸஸ் பெம்பரி, கழுத்தில் முத்துமாலை, முகத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் களை. அவருக்குக் கீழே சட்டம் தெரிந்த கிளார்க் ஒருத்தர். பெரிய குற்றத்தைக் கைவிடுவதாக வக்கீல் சொன்னான். தாய்க்கு விஷயம் தெரியாது என்பதை கவுன்சில் ஏற்றுக்கொள்கிறதாம். அதைச் சொல்லும்போது கோலெட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளார்க்குக்கும் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று தெரியும். தினமும் பார்க்கிறவர்தானே. அந்த அறையில் எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும், எல்லோருக்கும் அது சௌகரியமாகவும் இருந்தது.

மிஸஸ் பெம்பரி கண்ணாடியைக் கழற்றினார். "நானும் பிள்ளை வளர்த்தவள்தான். பகல் முழுக்க மகள் எங்க இருக்கான்னே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது, மேடம்."

"கேட்டதே இல்லையா?"

"இல்லை, மேடம். வேலை முடிஞ்சு வந்தா அலுப்பா இருக்கும். டிவி பாத்துட்டுப் படுத்துடுவேன்." டிவி என்பதை அவளாகவே சேர்த்தாள். ட்ரிஷ் சொன்னது சரிதான். மேடையில் மூன்று முகமும் இளகியது.

"உங்களுக்கு வேலை முக்கியமா, பெத்த பொண்ணு முக்கியமா? இதை நீங்க வீட்டுக்குப் போய் நல்லா யோசிக்கணும்."

"யோசிக்கிறேன், மேடம்."

"பொய்!"

குரல் பின் வரிசையிலிருந்து வந்தது. ஜனீன் திரும்பிப் பார்த்தாள். பெத்தனி எழுந்து நின்றாள். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். பள்ளிச் சீருடையில் இருந்தாள், டை கட்டி, தலைவாரி, கோட்டில் எல்லாப் பொத்தானும் போட்டு. எத்தனை மாதமாக எவ்வளவு கெஞ்சியும் போடாத சீருடை. கோர்ட்டில் நம்ப வேண்டும் என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அம்மா பொய் சொல்றாங்க. அவங்களுக்குத் தெரியும். எல்லாமே தெரியும். தினமும் எழுப்புவாங்க. டாக்ஸியில கூட்டிட்டுப் போனாங்க. என் கட்டில்கிட்ட முட்டி போட்டு அழுதாங்க. ஸ்கூல்ல வந்து எனக்காகச் சண்டை போட்டாங்க. அவங்க ரொம்ப நல்ல அம்மா. நான்தான் போகல. அவங்களை ஒண்ணும் செய்யாதீங்க."

சொல்லி முடித்ததும் அம்மாவைப் பார்த்தாள். காப்பாற்றிவிட்டேன் பார் என்கிற பார்வை. கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

மிஸஸ் பெம்பரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "பாப்பா, நீ இப்ப எங்க இருக்க வேண்டியவ?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெத்தனிக்குக் கேள்வி புரியவில்லை.

"ஸ்கூல்ல" என்று மிஸஸ் பெம்பரியே பதிலையும் சொன்னார். இப்போது எல்லோருமே சிரித்தார்கள்.

கிளார்க் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து மிஸஸ் பெம்பரியின் காதில் ஏதோ சொன்னார். பிறகு ஜனீன் பக்கம் திரும்பினார். "உங்க மக சொல்றது உண்மையா இருந்தா நீங்க சின்னக் குற்றத்தை ஒத்துக்கிட்டது செல்லாது. பழைய குற்றச்சாட்டு திரும்ப வரும். அதனால கேக்கறேன். அவ சொல்றது உண்மையா?"

கோலெட் தலையை உயர்த்தினாள். வக்கீல் பேனாவை மூடித் திறந்தான். ஜனீன் மகளைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. டை கொஞ்சம் கோணலாக இருந்தது. சின்ன வயதில் தினமும் அதைச் சரிசெய்து அனுப்பியது அவள் கைதான். மேனேஜர் நினைவுக்கு வந்தாள். அழுவேன், ஆனா அனுப்பிடுவேன். வேலை போனால் வாடகை, வாடகை போனால் வீடு.

"இல்லை, ஐயா" என்றாள் ஜனீன். "அவ பொய் சொல்றா."

பெத்தனியின் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கிளார்க் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார், போதவில்லை என்பதுபோல. ஜனீன் தொடர்ந்தாள். "சின்ன வயசுலேர்ந்தே பொய்தான். அதுதான் பிரச்சனையே. ஸ்கூல்ல யாரோ பாலை ஊத்தினாங்க, அடிச்சாங்கன்னு சொல்றதும் இப்படித்தான். நானும் நம்பிப் போய் சண்டை போட்டுட்டு அசிங்கப்பட்டு வந்தேன்."

அறை லேசாக மூச்சுவிட்டது. பள்ளிக்குப் போகாத பெண் பொய் சொல்வாள் என்பதை நம்ப யாருக்கு என்ன கஷ்டம்? மிஸஸ் பெம்பரி வருத்தமாகத் தலையசைத்துவிட்டு அபராதம் போட்டார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. பின் வரிசையில் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"நல்லா சமாளிச்சே" என்றாள் கோலெட், வெளியே வந்ததும். "எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு."

பெத்தனியைக் கோர்ட் படிக்கட்டில் காணோம். ஜனீன் பஸ் நிலையத்தில் தேடினாள், அங்கேயும் இல்லை. அவள் நேராகப் பள்ளிக்குப் போயிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

மறுநாள் யாரும் எழுப்பவில்லை. ஜனீன் கீழே வரும்போதே பெத்தனி சீருடையில் உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். காய்ச்சலிலும் போனாள், பனி கொட்டிப் பாதிப் பிள்ளைகள் வராத நாளிலும் போனாள். வீட்டில் இருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குக் கழிவறை மேல்.

வசந்தத்தில் இல்லத்தில் பதிவைச் சரிபார்த்தார்கள். ஒன்றும் இல்லை. மேனேஜர் கட்டிப்பிடித்துக்கொண்டு, சொன்னபடி அழுதாள். கோலெட் ஒரு நாள் வந்து கண்ணாடியைத் தட்டினாள். ஜனீன் திறந்தாள், கெட்டிலைப் போட்டாள். பழக்கம்.

"அட்டெண்டன்ஸ்ல நூத்துக்கு நூறுடி உன் பொண்ணு!" என்றாள் கோலெட். "கோர்ட்டுன்னு ஒண்ணு வேணும்னு நான் எப்பவும் சொல்லுவேன். கவுன்சில் மீட்டிங்ல உன் கதையைச் சொல்லலாமா? பேரு போட மாட்டோம்."

"அங்க இன்னும் அவளை ஏதாச்சும் பண்றாங்களா?"

கோலெட் பிஸ்கட்டை நனைத்தாள். "நான் வர்றாங்களா வரலையான்னுதான் பாக்கறேன், கண்ணு. வந்தப்புறம் என்ன நடக்குதுங்கறது வேற டிபார்ட்மெண்ட்."

அந்த வியாழக்கிழமை ஜனீன் பள்ளிக்கே போனாள். துணைத் தலைமையாசிரியர் அன்றுபோலவே கைகளைக் கோத்துக்கொண்டார். குரலில் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது. "பெத்தனி கற்பனை பண்றான்னு நீங்களே கோர்ட்ல சொன்னதா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்."

அன்று சாயங்காலம் பெத்தனி வந்தபோது கோட்டின் முதுகு முழுக்க வெள்ளையாக ஊறியிருந்தது. புளித்த வாடை கூடம்வரை வந்தது. நேராகக் குளியலறைக்குப் போய்க் கோட்டைத் தொட்டியில் போட்டுத் தேய்த்தாள். ஜனீன் குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"யாருடி பண்ணினா? சொல்லு. பேரைச் சொல்லு."

பெத்தனி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உனக்குத்தான் தெரியாதே."

"பெத்..."

"தெரியாதுன்னு நீதானே சொன்ன. அப்படியே இரு. டிவி பாரு."

கோட்டைப் பிழிந்து ஹீட்டர் மேல் விரித்தாள். மேட்டுத்தெருவில் ஹீட்டரை ராத்திரி முழுக்க எரியவிட யாருக்கும் கட்டுப்படியாகாது. ஜனீனுக்கு ஷிஃப்ட் இல்லாத மறுநாள் காலையில் கோட்டு ஈரமாகவே இருந்தது. பெத்தனி அதைப் போட்டுக்கொண்டாள், டையைத் தானே சரிசெய்துகொண்டாள், கிளம்பினாள்.

ஜனீன் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே தெருவுக்கு வந்தாள், செருப்புக்கூட இல்லாமல். கூப்பிட்டாள். பெத்தனி திரும்பவில்லை. தெருமுனையில் சிவப்பு விளக்குக்கு ஒரு கார் நின்றிருந்தது. கோலெட்டின் கார். சரியான நேரத்துக்குப் பள்ளிக்குப் போகிற பெண்ணைப் பார்த்துவிட்டு, அப்புறம் வாசலில் நின்ற தாயையும் பார்த்துவிட்டு, கோலெட் இரண்டு முறை ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.